வரவேற்பு மேடையில் கேக் இருக்கட்டும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியும், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையிலும் கல்யாண மண்டபங்கள் பெருகிவிட்டன. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்தால், வரவேற்பு மேடையில் ஒரு சிறிய மேசையையும் அதன்மேல் ஒரு கேக்கையும் பெரும்பாலும் பார்க்கலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கத்தியைப் பிடித்து வெட்டுகிறார்கள். ஒருவர் வாயில் ஒருவர் துண்டு வைக்கிறார்கள். கீழே நிற்கும் நண்பர் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற காரியம்தான்.

இந்தச் சில நிமிடங்களின் மேல் தமிழ்நாட்டில் பொழியப்படும் கோபத்துக்கு அளவே இல்லை. பட்டிமன்றப் பேச்சாளர், ஆன்மிகச் சொற்பொழிவாளர், தமிழ்ப் பண்பாட்டு ஆர்வலர், குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெரியப்பா, இவர்கள் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். கல்யாணத்தில் கேக் வெட்டக் கூடாது என்பதில் மட்டும் ஒரே குரல். அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு அதில் பொருள் எதுவும் கிடையாது, நம் சடங்குகளை அது அரித்துத் தின்கிறது என்கிறார்கள். படித்தவர்கள் நடுவிலும் இது கேள்வி கேட்கப்படாத உண்மையாகிவிட்டது. கேக் வைக்கிற வீட்டாரே, "பசங்க ஆசைப்பட்டாங்க" என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் சொல்கிறார்கள்.

அப்படி மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. 'போனால் போகிறது, இளசுகளின் ஆசை' என்ற சலுகையும் அந்தக் கேக்குக்குத் தேவையில்லை. இந்தத் தொழிற்சாலைப் பகுதியின் கல்யாணங்களில் அது முக்கியமான ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையைச் செய்ய நம் பழைய சடங்குகளில் எதற்கும் இடம் வைக்கப்படவில்லை. இதைத்தான் இங்கே நிறுவப்போகிறேன்.

அந்நியம் என்ற குற்றச்சாட்டிலிருந்து தொடங்கலாம். வெள்ளைக்காரனின் பழைய மரபு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வெள்ளை அடுக்குக் கேக் அவனுக்கே அவ்வளவு பழையது அல்ல. பண்டைய ரோமில் உயர்குடியினரின் ஒருவகைத் திருமணத்தில் மணமக்கள் கோதுமை அடையொன்றை ஜூபிடர் தெய்வத்துக்குப் படைத்துப் பகிர்ந்து உண்டார்கள், பத்துச் சாட்சிகள் முன்னிலையில். பிற்காலத்து இங்கிலாந்தில் இறைச்சி வைத்துச் சுட்ட கல்யாணப் பண்டம் இருந்தது. பிறகு உலர்பழக் கேக் வந்தது. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா அரசியின் திருமணத்தில் வைத்த கேக் ஏறக்குறைய 300 பவுண்டு எடை, சுற்றளவு மூன்று கஜம். அது கேக்கைவிடச் சர்க்கரைச் செல்வத்தின் காட்சி என்றே சொல்லலாம். 1858இல் அவருடைய மூத்த மகளின் திருமணத்தில் கேக்காக இருந்தது அடித்தட்டு மட்டும்தான், மேலே எழுந்து நின்றது சர்க்கரையால் செய்த சிற்பம். முழுக்கத் தின்னக்கூடிய அடுக்குக் கேக் 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்துக்குத்தான் வந்தது என்று சொல்வார்கள். சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதற்குப் பதின்மூன்று ஆண்டு முந்தையது, அவ்வளவே.

அரண்மனைப் பண்டம் சாதாரண ஆங்கிலேயன் வீட்டுக்கு எப்படி வந்தது? சர்க்கரை மலிந்ததால் வந்தது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியை நீக்கியது. ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை ஒரு பக்கம், குடியேற்ற நாடுகளின் கரும்புச் சர்க்கரை இன்னொரு பக்கம் வந்து குவிந்தது. அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார்? 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது, நேட்டால் கரும்புக் காட்டுக்கான முதல் ஆட்களுடன். பிறகு பிஜி. அங்கே வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி அழுது பாடினார். நேட்டால் கப்பலுக்கு முன்பே, 1842இல், பாரி நிறுவனம் கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்துவிட்டது. கல்யாணக் கேக்கின் வெள்ளைப் பூச்சு எந்த உழைப்பின் மேல் நின்றதோ அந்த உழைப்பில் தமிழர் வியர்வைக்கும் ஒரு பங்கு உண்டு. நம் பாட்டன் பூட்டன் கடல் கடந்து வெட்டிய கரும்பின் இனிப்பு இன்று ஒரகடத்தில் ஒரு தொழிலாளியின் கல்யாண மேடைக்கு வந்தால், 'உனக்கு இதில் உரிமை இல்லை' என்று அவனிடம் சொல்வதற்கு நமக்கு மனம் எப்படி வருகிறது?

நம்முடையது என்று நாம் மார்தட்டுவனவற்றின் கதையையும் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது காஞ்சிபுரம். கல்யாணப் பட்டுக்கு அதுவே தலைநகர். அந்தச் சேலையின் பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அதனால் காஞ்சிப் பட்டு காஞ்சிப் பட்டு இல்லாமல் போய்விடவில்லை. ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் போட்டுக் காரில் வருவதை நம் தாத்தாக்கள் காலத்திலேயே வைதிகக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பந்தியில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், மிளகாய் எதுவும் சோழர் காலத்துச் சமையலறையில் இருந்ததில்லை.

இன்னும் பின்னால் போக விரும்புகிறவர்கள் அகநானூற்றின் 86ஆம் பாட்டையும் 136ஆம் பாட்டையும் எடுத்துப் பார்க்கட்டும். சங்க காலக் கல்யாணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான சித்திரங்கள் அவை. தீ வளர்த்தலோ புரோகிதரோ அவற்றில் இல்லை. பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, மணப்பெண்ணை நீராட்டும் பெண்கள் உண்டு. ஒன்றில் உளுந்து சேர்த்த பொங்கல், மற்றதில் இறைச்சியும் நெய்யும் சேர்ந்த சோறு. வந்தவர்கள் எல்லோரும் உண்கிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கும் நம் கல்யாணத்துக்கும் நடுவில் மாறாமல் வந்திருப்பவற்றில் முதன்மையானது கூடி உண்பதுதான். மற்றவை பெரும்பாலும் எப்போதோ, எங்கிருந்தோ, யாரோ ஒருவரின் தேவைக்காக வந்து சேர்ந்தவை.

சட்டமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றில் எது நடந்தாலும் திருமணம் செல்லும். தாலிக்குச் சமமாக மோதிரத்தை வைத்தது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். சுயமரியாதைத் திருமணத்தைக் கொண்டாடுகிறவர்களே கேக்கைக் கண்டதும் பண்பாடு பேசத் தொடங்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சடங்கின் பொருளை அதைச் செய்கிற மனிதர்களே தீர்மானிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

'நாம் விளக்கேற்றுகிறவர்கள், அவர்கள் அணைக்கிறவர்கள்' என்ற வசனத்துக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைப்பது பிறந்தநாள் கேக்கில். கல்யாணக் கேக்கில் அந்த வழக்கம் இல்லை. மங்கலத்தில் கத்தி கூடாது என்பார்கள். அதே கல்யாணத்துக்காகத்தான் குலை தள்ளிய வாழை மரத்தை வெட்டி வாசலில் கட்டியிருக்கிறோம்.

'அது கிறிஸ்தவர்களுடையது' என்று ஒரு பேச்சு வரும். இது மற்றவற்றைவிட மோசமானது. நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் தலைமுறை தலைமுறையாகக் காஞ்சிப் பட்டு உடுத்தி, தாலி கட்டி, மாலை மாற்றி, கேக்கும் வெட்டி மணம் செய்துகொண்டவர்கள் தமிழர்கள். யாழ்ப்பாணத்திலும் அப்படியே. அவர்கள் வீட்டுச் சடங்கு தமிழ்ச் சடங்குதான். அதைத் தமிழ் அல்ல என்று சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மக்களைத் தமிழுக்கு வெளியே நிறுத்துகிறார். இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இனி முக்கியமான குற்றச்சாட்டு: கேக் வெட்டுவதில் பொருள் இல்லை என்பது.

பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்க, முதலில் மணவறையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை உண்டு. மாலை போடத் தாய்மாமன். முடிச்சுப் போட நாத்தனார். பொரி இட மைத்துனன். ஆரத்தி எடுக்கவும் பாலும் பழமும் கொடுக்கவும் சுமங்கலிகள். சீர் கொண்டுவரச் சம்பந்திகள். மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவர் உண்டே என்பீர்கள். பெரும்பாலும் அவரும் மச்சான் முறைக்காரர்தான். இது ஓர் அருமையான ஏற்பாடு. ஒரு கிராமத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிழைத்த மனிதருக்கு அவர் வாழ்வில் யாரெல்லாம் உண்டோ அத்தனை பேருக்கும் அந்த மேடையில் இடம் இருந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை.

ஆனால் இங்கே வேலை செய்கிறவர்களின் வாழ்வில் யார் யார் இருக்கிறார்கள்? 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நோக்கியா வந்தது, 2014இல் மூடிப்போனது. ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, ஃபாக்ஸ்கான், சாம்சங் என்று வரிசை நீண்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, இன்னும் தெற்கே தென்காசியிலிருந்தெல்லாம் பத்தொன்பது இருபது வயதில் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஓர் அறைக்கு ஆறு பேர். இந்த ஆறு பேருக்கும் ஒரே ஊர் கிடையாது, ஒரே சாதி கிடையாது, ரத்த உறவும் கிடையாது. ஆனால் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு விடியுமுன் எழுப்பிவிடுவது இவர்கள். காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி வாங்கி வருவதும் இவர்கள். சம்பளம் ஊருக்குப் போனபின் மாதக் கடைசியில் கைமாற்றுக் கொடுப்பதும் இவர்களே.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த தனியார் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இரவில் அவர்களுக்குத் துணையாக நின்றது பக்கத்துப் படுக்கைக்காரிதான், ஊரில் இருந்த அத்தை மகளுக்குச் செய்தி மறுநாள்தான் போயிருக்கும். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நீடித்தார்கள். சம்பளமின்றிப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை என்ன முறை வைத்து அழைப்பது?

இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாணம் நடக்கிறது. அறைத் தோழிகள் லீவு போட்டு, பேருந்து பிடித்து வருகிறார்கள். மணவறையில் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அட்சதை போடலாம், பந்தியில் சாப்பிடலாம், வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டு ஒரு கேக் வாங்கி வருகிறார்கள். பட்டர் கிரீமோ, பிளாக் ஃபாரஸ்ட்டோ, மேலே இருவர் பெயரும் எழுதியது. அதை வெட்டுகிற நேரத்தில் மேடை அவர்களுடையது. கல்யாணப் பெண்ணைச் சுற்றி அவர்கள் நிற்கிறார்கள், முதல் துண்டை யாருக்கு ஊட்டுவது என்று அவள் யோசிக்கிறாள், அவர்களில் ஒருத்தியைக் கூப்பிடுகிறாள். 'என் வாழ்க்கையில் இவர்களும் உண்டு' என்று ஊரார் முன்னிலையில் சொல்ல அவளுக்கு வேறு வாய்ப்பு கிடையாது. சடங்கு என்றால் வேறு என்ன? ஒரு உறவை நாலு பேர் பார்க்க ஒப்புக்கொள்வதுதானே?

ஊட்டுகிற செயலை நாம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரே துண்டைப் பெண் கடிக்கிறாள், மாப்பிள்ளை கடிக்கிறான், தோழி மிச்சத்தை வாங்கித் தின்கிறாள், அவள் விரலால் இன்னொரு துண்டு மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குப் போகிறது. எந்தக் கை எந்த வாய்க்கு உணவு கொடுக்கலாம் என்பதை வைத்தே சாதி கட்டப்பட்ட நாடு இது. ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்ததாகச் சொல்லப்படும் இராமானுசரின் வாழ்க்கைக் கதையிலேயே இது இருக்கிறது. காஞ்சியில் வாழ்ந்தபோது, பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைத்து அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று இராமானுசர் ஆசைப்பட்டார். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டுவிட்டுப் போக, மனைவியோ அந்த இடத்தை மெழுகி, மிச்சத்தை அப்புறப்படுத்தி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. இராமானுசர் மனம் நொந்தார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு கழித்து, 1924-25இல், வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிச் சாப்பாடு என்று தெரியவந்தபோது வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள், தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போனது. அந்தச் சண்டையும் ஒரு பந்தியைப் பற்றியதுதான்.

இந்த மண்ணில் வெவ்வேறு சாதிப் பிள்ளைகள், பெற்றவர்களும் பங்காளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, மேடை மேல் ஒரு துண்டைப் பகிர்ந்து தின்கிறார்கள். யாரும் எழுந்து போவதில்லை, யாரும் இடத்தை மெழுகுவதில்லை. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த மண்டபத்துக்கு வெளியே அது கெட்டியாக நிற்கிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நடப்பதை மணவறையில் நடத்திக்காட்ட முடியுமா என்று எதிர்ப்பவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

பாலும் பழமும் கொடுக்கிறோமே, அது போதாதா என்று கேட்கிறார்கள். நல்ல சடங்கு. ஆனால் அதைக் கொடுக்கச் சுமங்கலியாக இருக்க வேண்டும். கணவனை இழந்து, கல் உடைத்தோ களை எடுத்தோ பையனை ஐடிஐ படிக்கவைத்து இந்தக் கம்பெனிக்கு அனுப்பிய தாய், மகன் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைத் தொடாமல் தூண் ஓரம் ஒதுங்கி நிற்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! கேக்குக்கு அந்த விலக்கு கிடையாது. அதே தாயை மகன் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவந்து முதல் துண்டை ஊட்ட முடிகிறது. எந்தச் சாத்திரமும் கேக்கைப் பற்றி எழுதப்படாததே அதன் பெரிய பலம். யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று அதற்கு யாரும் இன்னும் விதி செய்யவில்லை.

வீட்டார் எதிர்ப்பில் நடக்கும் கல்யாணங்களையும் இங்கே சொல்ல வேண்டும். கம்பெனி பஸ்ஸில் முளைத்த காதல் எல்லாம் பெற்றோர் சம்மதத்தோடு முடிவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, இரண்டு மாலை, நாலைந்து நண்பர்கள். தாய்மாமன் வரமாட்டார், நாத்தனார் வரமாட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிற அந்த இருவருக்கும், பக்கத்துப் பேக்கரியில் நண்பர்கள் வாங்கி வெட்டவைக்கும் அரைக்கிலோ கேக்தான் கல்யாண விருந்து. அதைப் பொருளற்றது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கல்யாணப் பண்பாட்டின் மேல் இத்தனை அக்கறை உள்ளவர்கள் அந்த அக்கறையை எங்கே காட்டினார்கள் என்று கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வு வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்த்துவந்தார்கள் என்பது அதன் சாரம். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. கல்யாணமான இந்துப் பெண்கள் அணியும் நகைகள் உற்பத்திக்கு இடையூறு என்பதும் அவற்றில் ஒன்று. பாகுபாடு காட்டுவதாகச் சொல்வதை நிறுவனம் மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கு கல்யாணமான பெண்கள் என்று அரசிடம் அது சொன்னதாகச் செய்தி வந்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

தாலியும் மெட்டியும் ஒரு பெண்ணின் வேலைக்குத் தடையாகலாம் என்று செய்தி வந்த அந்த வாரங்களில் எத்தனை பண்பாட்டு மேடைகள் அதைப் பேசின? தாலியின் புனிதம் பற்றி மணிக்கணக்கில் உரையாற்றுகிறவர்கள் யாரும் ஆலை கேட் முன்னால் வந்து நிற்கவில்லை. ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால் விடுதிப் படுக்கையைக் காலி செய்ய வேண்டும், வேலை நிலைக்குமா என்று பயப்பட வேண்டும், இருவரும் சேர்ந்து வாழ இந்த வட்டாரத்தில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு தேட வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. கல்யாணத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கேட்க வேண்டியவை வீடும் காப்பகமும். கேக்கைத் தடுத்து அவள் கல்யாணத்தில் எதைக் காப்பாற்றப் போகிறார்கள்?

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஏற்க வேண்டியவையும் உண்டு. ஈவென்ட்காரர்கள் தலையில் கட்டுகிற ஐந்தடுக்குக் கேக்கில் பாதி தெர்மோகோல். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற குடும்பத்துக்கு வீண் சுமை. போர்க்காலப் பிரிட்டனில் 1940இல் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சுக்குத் தடை வந்தபோது அட்டையால் செய்த கேக் மூடியை வாடகைக்கு எடுத்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை கிடைக்காத காரணம் இருந்தது, நமக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. நுரை ஸ்பிரே அடிப்பதையும் நிறுத்த வேண்டும். அது தீப்பற்றும் பொருள், பக்கத்திலேயே வாணச் சுடரைக் கொளுத்துகிறார்கள். பெண்ணின் விருப்பம் கேட்காமல் முகம் முழுக்கக் கிரீமை அப்புவது கேலியும் இல்லை, பாசமும் இல்லை. முட்டை சேர்க்காத கேக் வேண்டும் என்று ஒரு வீட்டார் கேட்டால் கொடுப்பதே முறை, எல்லோரும் தின்ன வேண்டும் என்பதற்காகத்தானே கேக்.

காட்சிக்கு அடுக்கி வைத்துவிட்டுப் பிறகு எல்லோருக்கும் பகிர்வது நமக்குப் புதியதும் அல்ல. பிராமணக் கல்யாணங்களில் கூம்புக் கூடுகளில் வார்த்த பருப்புத் தேங்காய் ஜோடியாக மேடையில் நிற்கும், சடங்கு முடிந்தபின் உடைத்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இலங்கையில் இதை இன்னும் அழகாகச் செய்கிறார்கள். ரவை, முந்திரி, பூசணி இனிப்பு, உலர்பழங்கள் சேர்த்துச் செய்த கல்யாணக் கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, சின்னப் பெட்டிகளில் போட்டு விருந்தினர் கையில் கொடுக்கிறார்கள். சிங்களரும் தமிழரும் அப்படித்தான் செய்கிறார்கள். மேடையில் நிற்பது வெறும் கூடாக இருந்தாலும், கையில் வருவது உண்மையான கேக்.

இந்தப் பெட்டி வழக்கத்தை ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் கல்யாணங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒரே லைனில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. பாதிப் பேர் நைட் ஷிஃப்ட்டில் நின்றிருப்பார்கள். தெர்மோகோல் அடுக்குக்குச் செலவாகும் பணத்தில் ஐம்பது அறுபது சிறு பெட்டிகள் போடலாம். ஈரப்பசை குறைந்த உலர்பழக் கேக்காக இருந்தால் ஒரு வாரம் கெடாது. கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண் அவற்றை ஒரு கட்டைப்பையில் எடுத்துவந்து, கம்பெனி பஸ்ஸில் இருக்கை இருக்கையாகக் கொடுத்துக்கொண்டு போகலாம். வர முடியாதவர்கள் பெயரைப் பெட்டி மேல் எழுதிவைக்கும் பொறுப்பை அறைத் தோழிகளிடமே விட்டுவிடலாம், யார் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.